இருட்டில் பொறுக்கிய காசுகள்!

65,078.

லாட்டரி நம்பர் இல்லை சார், இது ஒரு நினைவுச் சின்னத்தில் இருக்கும் கணக்கு. சீனாவில் அன்ஹுய் மாகாணம். அதில் ஷெ என்று ஒரு பழைய ஊர், அந்தக் காலத்து ஹுய்ஜோ ஜில்லாவின் தலைநகரம். அங்கே 1905-ல் செங்கல்லில் ஒரு தோரண வாயில் கட்டினார்கள். அந்த ஜில்லாவில் புருஷன் செத்த பிறகு மறுமணம் செய்யாமல் காலம் தள்ளியவர்கள், கற்புக்காக உயிரை விட்டவர்கள் எல்லாரையும் சேர்த்து மொத்தம் 65,078 பெண்களுக்கு ஒரே நினைவுச் சின்னம். தனித்தனியாகப் பெயர் போட இடம் ஏது? கூட்டித் தொகை எழுதி, கீழே கோடு இழுத்து, கணக்கை முடித்து விட்டார்கள்.

முன்னெல்லாம் ஒரு விதவைக்கு ஒரு வளைவு என்று கல்லில் வைத்தார்கள். பக்கத்திலேயே டாங்யுவே என்ற கிராமத்தில், வயலுக்கு நடுவே வரிசையாக ஏழு வளைவுகள் நிற்கின்றன. பாவ் என்கிற பணக்கார வியாபாரிக் குடும்பத்துக்குச் சொந்தம். ராஜ விசுவாசத்துக்கு, பெற்றோர் பக்திக்கு, தர்மத்துக்கு என்று ஆம்பிளைகளுக்கு ஐந்து. பாக்கி இரண்டு, விதவைகளாகவே வாழ்ந்து முடித்த இரண்டு மருமகள்களுக்கு. இன்றைக்கு டூரிஸ்டுகள் அடியில் நின்று போட்டோ எடுத்துக் கொள்கிறார்கள்.

இந்த வளைவு எல்லா விதவைக்கும் கிடைத்துவிடாது. அதற்கு ரூல் இருந்தது. நம்ம ஆபீஸ் பென்ஷன் ரூல் தோற்றது போங்கள்! 30 வயதுக்குள் புருஷன் செத்திருக்க வேண்டும். 50 வயது வரை மறுமணம் செய்யாமல் இருந்திருக்க வேண்டும். ஆக, குறைந்தது 20 வருஷ சர்வீஸ். மங்கோலியர் ஆட்சியில் 1304-ல் போட்ட ரூல் இது. 1368-ல் மிங் வம்சத்தின் முதல் சக்கரவர்த்தி இதையே மறுபடி உத்தரவாகப் போட்டு, கூடவே ஒரு சலுகையும் சேர்த்தார். அப்படிப்பட்ட விதவை இருக்கும் வீட்டுக்கு அரசாங்கத்தின் கட்டாய வேலையிலிருந்து விலக்கு! விரதம் இருப்பவள் அவள். வேலை மிச்சம் மாமனார் வீட்டுக்கு.

31 வயதில் புருஷனைப் பறிகொடுத்தால்? ஸாரி, அப்ளிகேஷன் தள்ளுபடி. 48 வயதில் செத்துப் போனால்? ரொம்ப நாளைக்கு அதுவும் தள்ளுபடிதான். 1723-ல் சிங் வம்சத்துச் சக்கரவர்த்தி யோங்ஜெங் கொஞ்சம் இரக்கம் காட்டினார். 40 வயது தாண்டி, 15 வருஷ விதவை வாழ்க்கையும் முடித்து 'சர்வீஸில் இருக்கும்போதே' செத்தால் பரவாயில்லை, கௌரவம் உண்டு என்றார். அந்தப் 15 வருஷம், 19-ம் நூற்றாண்டில் 6 வருஷம் வரை இறங்கி வந்தது.

விண்ணப்பம் ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்தோடு கீழ் அதிகாரியிடம் போகும். அங்கிருந்து மேலே, இன்னும் மேலே, கடைசியில் பீஜிங்கில் சடங்கு இலாகா. அங்கே ஓ.கே. ஆனால் வளைவு கட்ட 30 டேல் வெள்ளி சாங்ஷன். நம்ம கணக்கில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு பெண்ணின் இருபது வருஷ ராத்திரிகளுக்கு ஒரு கிலோ வெள்ளி!

'எல்லாம் கன்பூசியஸ் பண்ணின வேலை' என்று அவர் தலையில் கட்டிவிட்டுப் போவது சுலபம். அந்தப் பெரிய மனுஷர் (கி.மு. 551 - 479) இப்படி ரூல் எதுவும் போட்டதாகத் தெரியவில்லை. அவருடைய சொந்த மருமகளே, மகன் இறந்த பிறகு வேறு நாட்டில் மறுமணம் செய்து கொண்டாள் என்றுதான் பழைய உரைகாரர்கள் பொருள் சொல்கிறார்கள்.

அவருக்குப் பின்னால் வந்த காலத்தையும் பாருங்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. ஜுவோ வென்ஜுன் என்று ஒரு இளம் விதவை. அப்பா இரும்பு வியாபாரத்தில் கோடீஸ்வரர். வீட்டில் விருந்து. ஸிமா ஸியாங்ரு என்கிற கவிஞர் வந்து தந்தி வாத்தியம் வாசிக்கிறார். கதவிடுக்கு வழியாகப் பார்த்த வென்ஜுனுக்கு மனசு தடுமாறி விட்டது. அன்று ராத்திரியே அவரோடு ஓடிப் போனாள். போய்ப் பார்த்தால் கவிஞர் வீட்டில் நாலு சுவரைத் தவிர ஒன்றும் இல்லை! (கவிஞர்கள் வீடு எந்தக் காலத்திலும் இப்படித்தான்.) அசரவில்லை அவள். அப்பா இருக்கும் ஊருக்கே திரும்பி வந்து, வண்டியை விற்று, சாராயக் கடை வைத்து, கல்லாவில் தானே உட்கார்ந்தாள். கவிஞர் அரை டிராயரோடு நடுத்தெருவில் குவளை கழுவினார். அவமானம் தாங்காமல் கதவைச் சாத்திக் கொண்ட அப்பா, கடைசியில் பணமும் வேலைக்காரர்களும் கொடுத்து ராஜியானார். சீனாவின் மாபெரும் சரித்திர ஆசிரியர் ஸிமா சியான் இதை மெனக்கெட்டு எழுதி வைத்திருக்கிறார். இருவரையும் ஊர் கல்லால் அடித்ததாக இல்லை. காதல் ஜோடி என்று கதை கதையாகச் சொல்லி ரசித்தது.

இன்னும் ஆயிரம் வருஷம் தாண்டி வருவோம், ஸோங் வம்சம். ஃபான் ஜோங்யான் என்று பெரிய மந்திரி, கன்பூசிய ஒழுக்கத்துக்கே உதாரணமாகச் சொல்லப்பட்டவர். அவருடைய அம்மா விதவையாகி மறுமணம் செய்தவள். சின்ன வயதில் இரண்டாவது அப்பாவின் குடும்பப் பெயரில்தான் வளர்ந்தார். பின்னால் தன் வம்சத்துக்கு அவர் ஒரு தர்ம நிதி வைத்தபோது எழுதிய விதி என்ன தெரியுமா? குடும்பத்துப் பெண்ணுக்கு முதல் கல்யாணம் என்றால் 30 சரம் காசு. மறுமணம் என்றால் 20 சரம். மறுமணத்துக்கு பட்ஜெட்டிலேயே பணம் ஒதுக்கிய புண்ணியவான்!

அதே நூற்றாண்டில்தான் வந்தார் செங் யீ (1033 - 1107) என்கிற தத்துவவாதி. போக்கிடம் இல்லாத ஏழை விதவை பட்டினியால் சாகப் போகிறாள், அவளாவது மறுமணம் செய்யலாமா என்று யாரோ அவரிடம் கேட்டார்கள். பசியால் சாவது அற்ப விஷயம், கற்பை இழப்பதுதான் பெரிய விஷயம் என்கிற அர்த்தத்தில் பதில் சொல்லி விட்டார். சொன்னவருக்குப் பசி தெரிந்திருக்க நியாயமில்லை. வேடிக்கை என்னவென்றால், உறவுக்காரப் பெண் ஒருத்தி விதவையானபோது இவருடைய அப்பாவே அவளை வீட்டுக்கு அழைத்து வந்து மறுமணம் செய்து வைத்தார். அதைப் புகழ்ந்து எழுதியவர் யார்? இதே செங் யீ! ஊருக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயம். ஆனால் ஊருக்குச் சொன்னதுதான் நிலைத்தது. ஜூ ஷி என்கிற அடுத்த பெரிய தத்துவவாதி 12-ம் நூற்றாண்டில் அதைத் தன் தொகுப்பில் சேர்த்தார். பிற்பாடு அரசாங்கப் பரீட்சைக்கே ஜூ ஷியின் உரைகள்தான் பாடம் என்றாகி விட்டது. பரீட்சை எழுதிய ஒவ்வொரு கிளார்க்கும் அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்திருப்பான்.

வெறும் வாக்கியத்துக்கு இத்தனை சக்தியா? எனக்கு நம்பிக்கை இல்லை. பி.காம். படித்த புத்தி, லெட்ஜரைத்தான் முதலில் புரட்டுகிறது. புரட்டினால் சொத்துச் சட்டம் வருகிறது.

மிங் சட்டப்படி, பிள்ளை இல்லாத விதவை மறுமணம் செய்யாமல் இருந்தால் புருஷன் பங்கு அவள் பொறுப்பில் இருக்கும். புருஷன் வம்சத்திலிருந்து ஒரு பையனைத் தத்து எடுத்தாக வேண்டும், அவ்வளவுதான். மறுமணம் செய்தால் எல்லாம் போச்சு. புருஷன் சொத்து மட்டுமல்ல, பிறந்த வீட்டிலிருந்து அவள் கொண்டு வந்த சீர்வரிசையும் செத்த புருஷனின் குடும்பத்துக்கே! சிங் வம்சமும் இதை அப்படியே வைத்துக் கொண்டது.

இப்போது கொழுந்தன் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். அண்ணன் போய் விட்டான். அவன் பங்கு நிலம் அண்ணி கையில். அவள் போனால் நிலம் திரும்ப வரும். சும்மாவும் போக வேண்டாம், ஒருத்தனுக்குக் கட்டி வைத்தால் பரிசப் பணமும் கிடைக்கும். வசதியான வீட்டில் விதவை இருப்பது கௌரவம். இல்லாத வீட்டில் அவள் ஒரு வாய்ச் சோறு, விற்றால் காசு. கட்டாயப்படுத்தி மறுமணம் செய்விப்பது குற்றம் என்று சட்டத்தில் இருந்தது. கிராமத்து ராத்திரியில் பல்லக்கோடு நாலு தடியர்கள் வந்தால் சட்டப் புத்தகத்தை யார் போய்த் தேடுவது?

அதற்கும் மசியாதவளுக்கு இன்னொரு வழி, 'நடத்தை சரியில்லை' என்பது. கள்ளத் தொடர்பு நிரூபணமானால் சொத்துரிமை போய்விடும். சிங் காலத்துக் கோர்ட் கட்டுகளை அமெரிக்க ஆராய்ச்சியாளர் மாத்யூ ஸாமர் தோண்டி எடுத்து 2000-ல் புத்தகமாகப் போட்டார். அதில் திரும்பத் திரும்ப ஒரே காட்சி. விதவை, நிலத்தில் வேலை செய்ய ஒரு கூலியாள், நாளடைவில் இருவருக்கும் நெருக்கம். கொழுந்தன்மார்கள் மோப்பம் பிடிக்கிறார்கள். ராத்திரி கதவை உடைத்து உள்ளே போகிறார்கள். கர்ப்பமாகி விட்டால் தொலைந்தது, வயிறே சாட்சி. கருவைக் கலைக்கப் போய் உயிரை விட்டவர்களும் உண்டு. படுக்கையறை என்பது கிட்டத்தட்ட ரிஜிஸ்தரார் ஆபீஸ். அங்கே யார் படுத்தார்கள் என்பதில் இருக்கிறது நிலம் யாருக்கு என்பது!

ஆம்பிளைக்கு? மனைவி போனால் அடுத்த கல்யாணம். மனைவி இருக்கும்போதே வசதியிருந்தால் சின்ன வீடு, சட்டப்படி. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பான் ஜாவோ என்கிற அம்மாள் இந்த வித்தியாசத்தைப் பெண்களுக்கான பாடமாகவே எழுதி வைத்தார். அவரும் சின்ன வயதில் விதவையானவர்தான். அண்ணன் பாதியில் விட்டுப்போன ஹான் வம்ச சரித்திரத்தை முடித்துக் கொடுத்த மேதாவி. அந்த மூளை இந்தப் பாடத்தையும் எழுதியதே என்று எனக்கு வருத்தம் உண்டு.

கொரியா இன்னும் ஒரு படி மேலே போனது. இப்போது நீங்கள் ராத்திரி கண் விழித்துப் பார்க்கிறீர்களே, சரித்திர சீரியல்கள், அந்த ஜோஸன் ராஜ்யம்தான். 1477-ல் ராஜா சோங்ஜோங் சபையில் விவாதம். விதவை மறுமணத்தை அடியோடு தடுக்க வேண்டாம் என்றுதான் பெரும்பாலான மந்திரிகள் சொன்னார்கள். ராஜா சிறுபான்மை பக்கம் சாய்ந்தார். 1485-ல் வந்த சட்டத் தொகுப்பு விதவையை நேராகத் தொடவில்லை. மறுமணம் செய்தவளின் பிள்ளைக்கும் பேரனுக்கும் அரசாங்கப் பரீட்சை எழுத அனுமதி இல்லை என்றது. முடிந்தது கதை! மகனின் சர்க்கார் உத்தியோகத்தைப் பணயம் வைத்து எந்த அம்மா மாலை மாற்றிக் கொள்வாள்? 1894-ல்தான் அங்கே விதவை மறுமணத்துக்கு வழி விட்டார்கள்.

சீனாவில் எதிர்த்துப் பேசவே ஆள் இல்லையா என்றால், இருந்தார்கள். யூ ஜெங்ஷியே (1775 - 1840) என்ற பண்டிதர், மறுமணம் செய்கிறவளைப் பழிக்காதீர்கள் என்று எழுதினார். அவர் சொந்த ஊர்? அதே ஹுய்ஜோ! அந்த வளைவுகள் நின்ற ஜில்லாக்காரருக்குத்தான் அது தோன்றியிருக்கிறது.

இன்னொருவர் நாவலாசிரியர் வூ ஜிங்ஸி. 18-ம் நூற்றாண்டு. பண்டிதர்களை அவர் கிண்டலடித்த நாவலில் வாங் யூஹுய் என்று ஒரு கிழ வாத்தியார் வருகிறார். மூன்றாவது மாப்பிள்ளை இறந்து போகிறான். நானும் சாகப் போகிறேன் என்கிறாள் மகள். காரணத்தைக் கேளுங்கள். மூத்த அக்கா ஏற்கெனவே விதவையாகி அப்பா தலையில் உட்கார்ந்திருக்கிறாள், நானும் வந்தால் ஏழை அப்பா எப்படிச் சோறு போடுவார் என்கிறாள். கற்பு, புண்ணியம் எல்லாம் அப்புறம்தான். மாமனார் மாமியார் பதறித் தடுக்கிறார்கள். பெற்ற அப்பன் மட்டும், சரித்திரத்தில் பேர் நிற்கும் என்று உற்சாகப்படுத்துகிறார். எட்டு நாள் பட்டினி கிடந்து சாகிறாள். வாத்தியார் வானத்தைப் பார்த்து, பிரமாதமான சாவு என்று சிரிக்கிறார். ஊரே கூடிக் கோயிலில் அவளுக்கு மரியாதை செய்யும் நாளில் மட்டும் அவரால் போக முடியவில்லை. பிறகு துக்கம் மறக்க ஊர் ஊராய்ச் சுற்றுகிறார். சூஜோ நகரில், ஒரு படகில் வெள்ளை உடுத்திய இளம்பெண் ஒருத்தியைப் பார்க்கிறார். மகள் ஞாபகம். பொலபொலவென்று கண்ணீர். அதற்கு மேல் ஆசிரியர் ஒரு விளக்கமும் சொல்லவில்லை.

சக்கரவர்த்தி ஆட்சி போய்க் குடியரசு வந்த பிறகும், 1914-ல் ஜனாதிபதி யுவான் ஷிகாய் கற்புக்கரசிகளுக்குக் கௌரவம் தர மறுபடி ரூல் போட்டார். எழுத்தாளர் லூ ஷுன் 1918-ல் ஒரு கட்டுரையில் வாங்கு வாங்கென்று வாங்கினார். பல பெண்டாட்டிக்காரன் எந்த முகத்தோடு பெண்ணிடம் கற்பைக் கேட்கிறான் என்பது அவர் கேள்வி. 1924-ல் அவர் எழுதிய 'புத்தாண்டுப் பலி' கதையில் ஒரு விதவை. மாமியார் அவளை மலைக்காட்டு ஆசாமிக்கு 80,000 காசுக்கு விற்கிறாள், அந்தப் பணத்தில் இளைய மகனுக்குக் கல்யாணம். இரண்டாவது புருஷனும் செத்து, குழந்தையை ஓநாய் தின்று விடுகிறது. மேல் உலகத்தில் இரண்டு புருஷர்களும் உனக்காகச் சண்டை போடுவார்கள், எமன் உன்னை ரம்பத்தால் அறுத்து ஆளுக்குப் பாதி கொடுப்பான் என்று ஒருத்தி பயமுறுத்துகிறாள். பரிகாரம், கோயிலுக்கு ஒரு வாசற்படி. அதை எல்லாரும் மிதித்துத் தாண்டினால் பாவம் தீரும். விலை 12,000 காசு. அவள் முதலில் வேலைக்குச் சேர்ந்தபோது சம்பளம் மாதம் 500. அப்படியென்றால் 24 மாதச் சம்பளம். கட்டினாள். கட்டியும், எஜமானி வீட்டுப் பூஜைப் பாத்திரத்தைத் தொட விடவில்லை.

1950-ல் மாவோ அரசாங்கத்தின் கல்யாணச் சட்டம் வந்தது. விதவை மறுமணத்தில் யாரும் தலையிடக் கூடாது என்று அதன் ஆரம்பத்திலேயே எழுதினார்கள்.

சரி, சட்டம், சொத்து, வளைவு எல்லாம் ஆச்சு. அந்த ராத்திரிகள்? 19 வயதில் புருஷனைக் கொடுத்துவிட்டு ஒற்றைக் கட்டிலில் படுத்தவளுக்கு உடம்பு என்று ஒன்று இருந்ததே, அது என்ன ஆச்சு?

பழைய கன்பூசிய நூல்களுக்கு இது தெரியாத விஷயம் அல்ல. சடங்குகளைப் பற்றிய நூலில், சின்ன வீட்டுக்காரிக்கு வயதானாலும் 50 ஆகும் வரை ஐந்து நாளைக்கு ஒரு முறை புருஷன் அவளிடம் போயாக வேண்டும் என்று விதி இருக்கிறது. பெண்ணுக்கும் ஆசை உண்டு, அது 50 வரை இருக்கும் என்று கணக்கே போட்டிருக்கிறார்கள். 50! விதவை ரூலிலும் அதே 50. தெரியாமல் போட்ட ரூல் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அவளைப் பேச விட்டவர்கள் குறைவு. சிங் காலத்துத் துணுக்குக் கதைத் தொகுப்பு ஒன்றில் ஒரு விதவை வருகிறாள். தினம் ராத்திரி அவள் அறைக்கதவு சாத்தியதும் தரையில் காசு சிதறும் சத்தம் கேட்கும். காலையில் திறந்தால் ஒரு காசும் இருக்காது. வீட்டில் எல்லாருக்கும் குழப்பம். சாகும் தறுவாயில் தலையணை அடியிலிருந்து நூறு செப்புக் காசுகளை எடுத்து மருமகளிடம் காட்டினாள். கண்ணாடி மாதிரி வழவழவென்று பளபளத்தன. என் கற்பைக் காப்பாற்றியது இதுதான் என்றாள். தூக்கம் வராத ராத்திரிகளில் விளக்கை அணைத்துவிட்டு, நூறு காசையும் தரையில் வீசி எறிவாளாம். பிறகு இருட்டில் தடவித் தடவி ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். ஒரு காசு குறைந்தாலும் படுக்கையில் ஏற மாட்டாள். நூறும் சேரும்போது உடம்பு ஓய்ந்து போயிருக்கும். தூங்கி விடுவாள். இப்படி 60 வருஷத்துக்கு மேல்.

கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். 60 வருஷம், வருஷத்துக்கு 365 ராத்திரி, ராத்திரிக்கு 100 காசு. 21 லட்சத்து 90 ஆயிரம் தடவை குனிந்திருக்கிறாள்.

இன்னொருத்தி, ஷென் சிஃபெங் என்பவர் 18-ம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய தொகுப்பில் வருகிறாள். பேர் இல்லை. 17 வயதில் கல்யாணம், ஆறே மாதத்தில் விதவை, வயிற்றில் பிள்ளை. அந்தப் பிள்ளையை வளர்த்து, பேரன் கொள்ளுப் பேரன் பார்த்து, எண்பது வயதாகி, மரணப் படுக்கையில் இருக்கிறாள். வீட்டு மருமகள்கள், பேரன் பெண்டாட்டிகள் எல்லாரையும் கூப்பிட்டாள். உங்களில் யாராவது சின்ன வயதில் விதவையானால், உன்னால் முடியுமா என்று உன்னையே கேட்டுப் பார், முடியாது என்று தோன்றினால் பெரியவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு மறுமணம் செய்து கொள், அதுதான் எல்லாருக்கும் நல்லது என்றாள்.

எல்லாரும் திகைத்துப் போனார்கள். கிழவிக்கு ஜன்னி கண்டு விட்டதோ?

கிழவி சிரித்தாள். விதவையாய் இருப்பது லேசு என்றா நினைத்தீர்கள் என்று தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். மாமனாருக்கு உறவுப் பையன் ஒருவன் ஊரிலிருந்து வந்து வெளி அறையில் தங்கியிருந்தான். தட்டி மறைவிலிருந்து பார்த்தாள். மனசு கேட்கவில்லை. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு விளக்கை எடுத்துக் கொண்டு கிளம்பினாள். வாசல் வரை போனதும் வெட்கம், திரும்பி விட்டாள். மறுபடி கிளம்பினாள், மறுபடி திரும்பினாள். இப்படிப் பல தடவை. கடைசியில் துணிந்து போயே விட்டாள். அடுப்படியில் வேலைக்காரிகள் கிசுகிசுவென்று பேசும் சத்தம். மூச்சைப் பிடித்துக் கொண்டு அறைக்குத் திரும்பி, விளக்கை மேஜையில் வைத்துவிட்டு அப்படியே கண் அயர்ந்தாள். கனவிலும் அவனிடமே போனாள். கைகோத்துப் படுக்கைத் திரையை விலக்கினால், உள்ளே தலையெல்லாம் ரத்தத்தோடு செத்துப்போன புருஷன் உட்கார்ந்து அழுது கொண்டிருக்கிறான். அலறி எழுந்தாள். விளக்கு பச்சையாக எரிந்தது. குழந்தை பாலுக்கு அழுதது.

முதலில் பயம், அப்புறம் அழுகை, அப்புறம்தான் வருத்தம் வந்தது என்றாள். அன்றைக்கு அடுப்படியில் அந்தப் பேச்சுச் சத்தம் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ, அதனால்தான் சொல்கிறேன், யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று மகனிடம் அதைக் குடும்ப விதியாக எழுதி வைக்கச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தபடியே கண்ணை மூடினாள்.

அந்தக் குடும்பம் பிறகு ஆல் போல் தழைத்தது என்கிறார் ஷென். ஒவ்வொரு தலைமுறையிலும் விதவையாகவே இருந்தவர்களும் உண்டாம். அவ்வப்போது, பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, மறுமணம் செய்து கொண்டு போனவர்களும் உண்டாம்.